ஆட்டுக்கார கோமதிக்கு எந்த முறை?

எங்கள் தொழிலில் கைவசம் ஆறேழு சாமான் உண்டு, அத்தனையும் இலவசம், வீட்டு வாசல் வரை கொண்டுவந்தும் தருவோம். அப்படியும் எங்கள் தலை தெரிந்தால் ஜனங்கள் கொல்லைப்புறமாக நழுவிவிடுவார்கள்.

நான் கிராம சுகாதார செவிலியர். சங்கரன்கோவிலுக்கும் கரிவலம்வந்தநல்லூருக்கும் நடுவில் நாலு ஊர் என் பொறுப்பு. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, பிரசவம் என்று எவ்வளவோ வேலை இருந்தாலும் என் உயிரில் பாதியை எடுப்பது குடும்பக் கட்டுப்பாடுதான். ஆணுறை, மாத்திரை, காப்பர் டி, மூன்று மாத ஊசி, பெண்ணுக்கு ஆபரேஷன், ஆணுக்கு ஆபரேஷன் எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சொல்லி, ‘உங்களுக்கு எது தோதுப்படுமோ நீங்களே முடிவெடுங்கள்’ என்று விட்டுவிட வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் எங்கள் பக்கத்து மாமியார்களைப் பார்த்ததில்லை. வாசலில் நின்று பேசிப் பேசித் தொண்டை கட்டித் திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தாலும் சரி, ஓட்டுக் கேட்கப் போனவராக இருந்தாலும் சரி, என் கஷ்டம் புரியும்.

மூன்று கோமதிகள்

எங்கள் பக்கம் பெண் குழந்தை பிறந்தால் சங்கரன்கோவில் அம்மன் பெயரை வைத்துவிடுவார்கள். என் பதிவேட்டைத் திறந்தால் கோமதி, கோமதி, கோமதி. அடையாளத்துக்காகப் பென்சிலால் தறிக்கார கோமதி, பூக்கார கோமதி, ஆட்டுக்கார கோமதி என்று எழுதி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு கோமதிகளும் எனக்குத் தொந்தரவு கொடுத்ததில்லை. ஆட்டுக்கார கோமதிதான் என் தூக்கத்தைக் கெடுத்தவள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. இரண்டு பெண் பிள்ளைகள். சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது. அது யாருக்கும் தெரியாது. இரண்டாவது பிரசவத்தில் மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்தபோதுதான் தெரிந்தது. திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸில் போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். எப்படியோ பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு பிரசவத்தை இந்த இதயம் தாங்காது. மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் பண்ணுவதும் இப்போதைக்கு ஆபத்து. சாதாரணக் கருத்தடை மாத்திரையும் இவளுக்கு ஆகாது, ரத்தம் உறைந்துவிடும்” என்றார். ஆக, என் பையிலிருந்த சாமானில் இரண்டு அப்போதே குறைந்துபோயின.

இதையெல்லாம் அவள் மாமியார் பேச்சியம்மாளை உட்கார வைத்து, ‘மூணாவது வந்தால் கோமதி செத்துப்போவாள்’ என்று பச்சையாகவே சொன்னேன். அந்த அம்மா கொட்டைப் பாக்கை வாயில் ஒதுக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “ரெண்டும் பொட்டையாப் போச்சு நர்ஸம்மா. மூணாவது பேரன்தான். பூக்கட்டிப் பாத்தாச்சு, சாமி உத்தரவு குடுத்துட்டு.”

புளியங்குடி வரை போன மாப்பிள்ளை

ஆணுறையைப் பற்றிப் பேசும்போது ‘எளிது, பக்க விளைவு இல்லை, நோயும் தொற்றாது’ என்று மூன்று விரலை மடக்கிக் காட்டுவேன். நாலாவது விரலை மடக்க மாட்டேன். அது, வாங்கப் போகிறவனுடைய வெட்கம். எங்கள் துணை சுகாதார நிலையத்து வெளிச்சுவரில் ஒரு பெட்டி மாட்டி உள்ளே போட்டு வைத்திருக்கிறோம். யாரும் பார்க்காதபோது எடுத்துக்கொள்ளலாம். நேர் எதிரே டீக்கடை. யாரும் பார்க்காத நேரம் என்று ஒன்று அந்த ஊரில் கிடையாது.

புதிதாகக் கல்யாணமான ஒரு வாத்தியார் பெட்டிப் பக்கமே வரப் பயந்து, இரண்டு பஸ் மாறிப் புளியங்குடிக்குப் போயிருக்கிறார். அங்கே தன்னை ஒரு குஞ்சுக்கும் தெரியாது என்ற தைரியம். மருந்துக் கடையில் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டி, கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும் சமயத்தில் தோளில் ஒரு கை விழுந்தது. எலுமிச்சை மூட்டையோடு மார்க்கெட்டுக்கு வந்திருந்த மாமனார். ‘தலைவலிக்கு மாத்திரை வாங்க வந்தேன்’ என்று வாத்தியார் உளறியிருக்கிறார். ‘இனிமேல் அந்தச் சமாச்சாரமே வேண்டாம், வேறு ஏதாவது சொல்லுங்கள்’ என்று என்னிடம் வந்த அவர் மனைவி, தன் அப்பா கேட்டதை அப்படியே சொன்னாள்: “கரிவலத்துல தலவலிக்கு மருந்து கிடைக்கலையா மாப்ள? ஒரு போன் போட்டிருந்தா நானே வாங்கி மகட்ட குடுத்து விட்டிருப்பேன்லா!”

ஆள் இருந்தால்தான் மாத்திரை

மாத்திரை தினமும் சாப்பிட வேண்டிய பொருள். ஒரு நாள் விட்டாலும் போச்சு. இதை நான் சொல்லாத வாசல் இல்லை.

ஒரு பெண்ணுடைய புருஷன் கேரளாவில் கட்டட வேலை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருப்பான். அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்த அட்டை மாதக்கணக்கில் தீரவே இல்லை. வேறு யாரோ கொடுக்கிறார்கள்போல என்று நானும் அசந்துவிட்டேன். நாள் தள்ளிப்போய் என் முன்னால் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது: புருஷன் வருகிற இரண்டு நாள் மட்டும் விழுங்கியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் கத்தியே விட்டேன். “படித்துப் படித்துச் சொன்னேனே, மற்ற நாளில் சாப்பிட்டால் கசக்குமா?” அவள் என்னைவிடக் கோபமாகப் பதில் சொன்னாள். அந்தப் பதிலுக்கு எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இன்றுவரை மறுமொழி இல்லை: “அவுக கேரளாவுல இருக்கையில நான் இங்கன அந்த மாத்திரையத் தின்னா, ஊரு என்னை என்ன பேசும்க்கா?”

பஞ்சாங்கத்தில் இல்லாத நாள்

கோயில் ஆபீஸில் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர். மருந்து மாயம் எதுவும் உடம்புக்குள் போகக் கூடாது என்ற கொள்கைக்காரர். ‘நாள் பார்த்து இருந்தால் போதும்’ என்று எங்கேயோ படித்திருக்கிறார். அவருக்கு நாள் என்றால் பஞ்சாங்கம்தானே? அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம், சஷ்டி, கார்த்திகை, செவ்வாய், வெள்ளி எல்லாவற்றையும் சிவப்பு மையில் சுழித்து, அந்த நாட்களில் மனைவி பக்கம் திரும்பாமல் கட்டுப்பாடாக இருந்திருக்கிறார். மனைவியின் மாதவிலக்குத் தேதியை மட்டும் கேட்கவில்லை. நான் கேட்டு எழுதிப் பார்த்தால், சாமிக்கு ஒதுக்கியதுபோக மிச்சமிருந்த நாட்கள் கரு தங்குவதற்கென்றே ஒதுக்கி வைத்ததுபோல இருந்தன.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நாள் எண்ணி ஏமாந்தவள் நானும்தான். அதற்குச் சாட்சியாக என் வீட்டில் மூன்றாவதாக ஒருவன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அதனால் அண்ணாச்சியைத் திட்டாமல், அவர் மனைவிக்கு மூன்றாவது கர்ப்பத்தைப் பதிவு செய்து அட்டை கொடுத்தேன். வயிற்றைத் தடவிக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: “நல்ல நாளு பூராத்தையும் சாமிக்குக் குடுத்துட்டாவ நர்ஸம்மா. மிச்ச நாள்ல வந்ததுதான் இது.”

கம்பி ஏறும் வழி

சிரிக்கிற கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாலும் என் மனசு ஆட்டுக்கார கோமதி வீட்டு வாசலில்தான் நின்றது. அவள் புருஷன் சங்கரபாண்டி ஆட்டுக்கிடை போடுகிறவன், அதாவது எருவுக்காக அடுத்தவர் நிலத்தில் ராத்திரி மந்தையை அடைக்கிறவன். காட்டுக்காடு கிடையை மாற்றிக்கொண்டு வாரக்கணக்கில் வெளியில் இருப்பான். அவன் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று யாராவது சொன்னால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஊரெல்லாம் புருஷன் வந்தால் பெண்டாட்டிக்குச் சந்தோஷம். இங்கே நான் காலண்டரில் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

காப்பர் டி போடலாமா என்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவிடம் கேட்டேன். ‘ரத்தம் குறைவாக இருக்கிறது, ஆனாலும் நான் பார்த்துப் போடுகிறேன், கூட்டி வா’ என்றார். கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப்போனேன். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சீட்டு எழுதப் போய்த் திரும்பினால் ஆளைக் காணோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மகராசி, அந்தக் கம்பி மெல்ல மெல்ல மேலே ஏறி நெஞ்சுக்கு வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறாள். ஓட்டமும் நடையுமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பிடித்தேன். கர்ப்பப்பை ஒரு மூடிய பை, அங்கிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது என்று அங்கேயே கையை வைத்துப் படம் காட்டினேன். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மத்தவளுக்கு நெஞ்சுல ஏறுனா தாங்கிருவாக்கா. எனக்குத்தான் அங்கன ஏற்கெனவே ரிப்பேராக் கெடக்கே.”

இருபத்திரண்டு நாள்

அடுத்தது ஊசி. மூன்று மாதத்துக்கு ஒன்று. கோமதியின் இதயத்துக்கு அது ஒன்றும் செய்யாது என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. மாமியாருக்குத் தெரியாமல் முதல் ஊசியைப் போட்டுவிட்டேன். போட்ட அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

அந்த ஊசி சிலருக்கு ஆரம்பத்தில் விட்டுவிட்டு ரத்தம் காட்டும். இரண்டு மூன்று ஊசிக்குப் பிறகு தானாக அடங்கிவிடும். கோமதிக்குச் சொட்டுச் சொட்டாக இருபத்திரண்டு நாள் காட்டியது. வேறு வீடாக இருந்தால் சமாளித்திருக்கலாம். ஆட்டுக்கார வீட்டில், வீட்டுக்குத் தூரமான பெண் பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது, குட்டியைத் தொடக் கூடாது. தொட்டால் ஆட்டுக்குச் சீக்கு வரும் என்று நம்பிக்கை. தாய் செத்த குட்டிகள் நாலுக்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தவள் கோமதி. அவள் ஓரமாக உட்கார்ந்ததும் அந்த வேலையெல்லாம் மூட்டு வலிக்கார பேச்சியம்மாள் தலையில் விழுந்தது. ஏன் இப்படி என்று துருவித் துருவிக் கேட்டு ஊசி விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

இரண்டாவது ஊசிக்கு நான் போன அன்று வாசலை மறித்து நின்றார். ‘இன்னும் ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் பெரியம்மா’ என்று எவ்வளவோ சொன்னேன். கோமதி சுவரோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பட்டியில் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. பேச்சியம்மாள் என் ஊசிப் பெட்டியையே பார்த்தபடி கேட்டார்: “மாசத்துக்கு மூணு நாளுன்னா சாமி பொறுக்கும். இருவத்திரெண்டு நாளுன்னா ஆடு பொறுக்குமா நர்ஸம்மா?”

கிடாவுக்குக் கட்டிய சாக்கு

மிச்சம் இருந்தது சங்கரபாண்டி. ஆணுக்குச் செய்யும் ஆபரேஷன் இருக்கிறதிலேயே சின்னது. ஒரே ஒரு சின்னத் துளை, தையல்கூடக் கிடையாது, கால் மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்கு நடந்து போகலாம். ஒப்பிட்டுப் பேசினால் இதற்குத்தான் முதல் மார்க் கொடுக்க வேண்டும். என் இத்தனை வருஷ சர்வீஸில் இதற்கு ஒப்புக்கொண்ட ஆம்பிளைகளை எண்ண ஒரு கை விரல் போதும். அதிலும் விரல் மிஞ்சும்.

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கிடை போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு மொபட்டை எடுத்துக்கொண்டு போனேன். கரிசல் காட்டில் கம்பு ஊன்றி நின்றிருந்தான். நல்ல மாதிரி, பெண்டாட்டி மேல் பிரியம் உள்ளவன்தான். கோமதி பெயரைச் சொன்னதுமே ‘அவளுக்கு என்னமும் செய்யுதா?’ என்று பதறினான். ஆணுறைப் பொட்டலத்தை நீட்டினேன். அவன் பக்கத்தில் நின்ற பெரிய கிடாவைக் கம்பால் காட்டினான். அதன் அடிவயிற்றில் ஒரு சாக்குத் துண்டு கட்டித் தொங்கியது. கோடையில் குட்டி விழுந்தால் பிழைக்காது என்பதால், அந்தப் பருவம் தாண்டும் வரை கிடா ஏற முடியாமல் கட்டி விடுவார்களாம். ‘அதுக்குக் கட்டுன மாதிரி எனக்குமா?’ என்று சிரித்தான். சிரித்தாலும் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

ஆபரேஷன் என்ற சொல்லை எடுத்ததும் சிரிப்பு போய்விட்டது. கிடாவுக்குக் காயடிப்பது அவன் கைவேலை. இரண்டு குச்சிக்கு நடுவில் நரம்பை வைத்து நசுக்குவான். அப்புறம் அந்தக் கிடா கொழுத்து, முட்டாமல் மோதாமல், பெட்டை ஆடு பக்கத்தில் வந்து உரசினாலும் புல்லைப் பார்த்துக்கொண்டே நிற்கும். பயிற்சிப் புத்தகத்தில் படித்துவிட்டுப் போன நான், அதைக் கையால் செய்தவனிடம் என்ன வாதாட முடியும்? ‘தவசு கழியட்டும், பேசிக்கிடலாம்’ என்று நழுவப் பார்த்தான். எங்கள் ஊரில் தட்டிக் கழிக்க வேண்டிய எல்லாக் காரியத்தையும் ஆடித்தவசுத் திருவிழாவுக்கு அப்புறம் என்றுதான் வைப்பார்கள். நான் விடாமல் நின்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்குக் காயடிக்கணும்னு கவர்மென்ட்டே ஆள் அனுப்புதா நர்ஸக்கா? நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்?”

ஒரு கோடு

தவசுக்குக் கிடையை ஊர்ப் பக்கமே மாற்றிக்கொண்டு வந்து பத்து நாள் வீட்டில் இருந்தான் சங்கரபாண்டி. திருவிழாக் கூட்டத்தில் மருத்துவ முகாமில் எனக்கு டியூட்டி. சப்பரத்தை நோக்கி ஜனங்கள் நேர்த்திக்கடனாகப் பருத்தியையும் வத்தலையும் வீசுகிறார்கள். நான் கூட்டத்துக்குள் கோமதி முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மடியில் வாங்கி வைத்துக்கொண்டதை உபயோகித்தானா, கிடைக் காட்டிலேயே போட்டுவிட்டு வந்தானா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த மாதம் கோமதிக்கு நாள் தள்ளிப்போயிற்று. ஊசியை நிறுத்திய உடம்பு, அதனாலும் தள்ளலாம். கர்ப்பமாகவும் இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் உண்டு. அந்த ஐந்து நிமிஷத்தில் நான் துணை சுகாதார நிலையத்தை எத்தனை சுற்று சுற்றினேன் என்று தெரியாது. ஜன்னலைத் திறந்தேன், சாத்தினேன். அடுக்கிய அட்டைகளைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். ஒரு கோடுதான் வந்தது. ஆனாலும் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு வாரம் நான் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று சொன்ன என் வீட்டுக்காரர் சாப்பாடு இல்லாமல் ஆபீஸ் போனார்.

மறுவாரமும் ஒரே கோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோமதிதான் என்னைத் தேற்றினாள். பிறகு அட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஒவ்வொரு மாசமும் இப்படி ஒத்தக் கோட்டுல நிக்க முடியாதுக்கா. இன்னொரு கோடு விழுந்தா எம் பிள்ளைகள யாருட்ட விட்டுட்டுப் போவேன்?”

கிடா டாக்டர்

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். சங்கரபாண்டிக்கு மனுஷ டாக்டர் சரிப்படாது. குடற்புழு மருந்து வாங்க அவன் கால்நடை மருந்தகத்துக்கு வரும் நாளைக் கோமதியிடம் கேட்டு வைத்துக்கொண்டு, முன்னாடியே போய் அங்கே இருந்த டாக்டர் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் கூச்சப்பட்டார். பிறகு, ‘அட, இதுக்கு நம்மட்டயே உதாரணம் இருக்கேக்கா’ என்று உற்சாகமாகிவிட்டார்.

அவர் முன்பு ஒரு ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். மந்தையில் எந்தப் பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கிடாவை வைத்திருப்பார்களாம். அதற்கு விதையை நசுக்குவதில்லை. விந்து வரும் குழாயை மட்டும் வெட்டிக் கட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் அப்படியே இருக்கும், வீரியம் அப்படியே இருக்கும், குட்டி மட்டும் தங்காது. மருந்துப் பெட்டி அட்டையில் படம் போட்டு, காயடிப்பது இது, இது வேறு என்று சங்கரபாண்டிக்குக் காட்டினார். அவன் கேட்ட கேள்விகள் எங்கள் பயிற்சியில் வந்ததே இல்லை. கொம்பு உதிருமா? மற்ற கிடாவோடு முட்டுமா? வாடை மாறுமா? கடைசியில் என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, ‘அந்தக் கிடா எத்தன வருசம் ஓடுச்சு?’ என்று மெதுவாகக் கேட்டான். ‘நான் மாறுதலாகி வர்ற அன்னைக்கும் பெட்டையை விரட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு’ என்றார் டாக்டர்.

சங்கரபாண்டி அந்த அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெளியே வந்ததும் என்னிடம் சண்டைக்கு வந்தான். “இத நீங்க முதல்லயே ஆட்டுக் கணக்குல சொல்லியிருந்தா, நான் தவசுக்கு முன்னாடியே வந்து படுத்திருப்பேன்லா!”

குடலிறக்கம்

ஒரே ஒரு நிபந்தனை போட்டான். ஊருக்கும் ஆத்தாளுக்கும் தெரியக் கூடாது. குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கால் மணி நேர வேலை. வெளியே வந்தவன், ‘இம்புட்டுத்தானா?’ என்று கேட்டான். ஆபரேஷன் செய்த டாக்டர் மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார்: ஒரு வாரம் ஆட்டைத் தூக்கித் தோளில் போடக் கூடாது, மூன்று மாதம் ஆணுறை போட்டே ஆக வேண்டும், மூன்றாம் மாதம் பரிசோதனைக்கு வர வேண்டும். குழாயில் ஏற்கெனவே இருப்பது காலியாக அத்தனை நாள் ஆகும். பாதிப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அந்த மூன்று மாதமும் நான் அவன் கண்ணில் படும்போதெல்லாம் மூன்று விரலைக் காட்டினேன்; ஊரில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

நாலாம் நாள் நலம் விசாரிக்கிற சாக்கில் வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் மகனுக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக்கொண்டிருந்தார். கோமதி அடுப்படி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சூப்பை ஆற்றிக்கொண்டே பேச்சியம்மாள் எனக்கு ஆறுதல் சொன்னார்: “ஒண்ணும் பயப்படாதிய நர்ஸம்மா. இந்தக் குடலிறக்கம் இவங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. அதுக்குப் பொறகுதான் எனக்கு நாலு பிள்ள பொறந்துச்சு.”

தட்டோடு வந்தவர்கள்

மூன்றாம் மாதப் பரிசோதனையில் உயிரணு ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. அதோடு கதை முடிந்தது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். ஆனால் வீட்டில் பேரனுக்காக ஒரு கிழவி காத்துக்கொண்டிருக்கிறாளே!

ஒரு வருஷம் பொறுத்தார். அதன் பிறகு கோமதிக்கு விழுந்த வசவுகளை நான் இங்கே எழுத மாட்டேன். இரண்டு பிள்ளை பெற்றவளை மலடி என்று திட்டியது மட்டும் சொல்லுகிறேன். என்னைக் கண்டால், ‘உன் ஊசிதான் இவ வயித்தைப் பூட்டிப் போட்டுச்சு, அதைத் திறக்க ஒரு மாத்திரை கொடு’ என்று சண்டை பிடித்தார். எங்கள் வேலையில் ஒருவருடைய ரகசியத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால்தான் என்ன என்று நாக்கு நுனி வரை வரும். கோமதியே தடுத்துவிட்டாள். ‘அவுகளுக்கு ஊருக்குள்ள ஒரு பேரு இருக்குல்லாக்கா’ என்றாள். திட்டு வாங்குவது அவள், பேர் காப்பாற்றப்படுவது அவனுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்னப் பிள்ளைக்கு இரண்டரை வயது வைட்டமின் சொட்டு மருந்து கொடுக்க நான் போன அன்று, அந்த வீட்டில் செருப்பு நிறையக் கிடந்தது. பேச்சியம்மாளின் அண்ணன் வீட்டு ஆட்கள் தட்டில் பூவும் வெற்றிலை பாக்கும் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். சங்கரபாண்டிக்கு அவர் அண்ணன் மகளை இரண்டாந்தாரமாகப் பேசி முடிக்கிறார்களாம். ‘சட்டப்படி இது குற்றம்’ என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. கோமதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, கிளம்பவும் மனசில்லை.

கிடையிலிருந்து சங்கரபாண்டி வந்தான். தட்டைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான், கோமதி கையிலிருந்த தம்ளரைப் பார்த்தான். கம்பைச் சுவரில் சாத்தினான். அவன் இதற்கும் ‘தவசு கழியட்டும்’ என்று சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பகீரென்றது. அவன் தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தன் தாயைப் பார்த்து, வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: “நீ ஒண்ணு இல்ல, ஒம்பது பேரக் கட்டி வச்சாலும் பேரன் வரமாட்டான் ஆத்தா. அன்னைக்கு நான் பண்ணுனது குடலிறக்கம் இல்ல. கத்தி பட்டது எனக்கு. இவ சாகக் கூடாதுன்னு நானாத்தான் போய்ப் படுத்தேன்.”

எந்த முறைக்கு என்ன பக்க விளைவு என்று வாசல் வாசலாகச் சொல்லித் திரிகிற நான், ஆண்களுக்கான இந்த ஆபரேஷனுக்கு அப்படி எதுவும் கிடையாது என்று இனிமேல் சொல்ல முடியாது, ஏனென்றால் அன்றிலிருந்து பேச்சியம்மாள் என்னோடு பேசுவதில்லை.